மெழுகு உருளையில் வெள்ளைப் படிவு: துடைப்பதற்கு முன்னால் எழுதிக்கொள்ளுங்கள்

உங்கள் கேள்வி மூன்று வரிதான். காப்பகத்தின் அலமாரி ஒன்றில் அறுபது மெழுகு உருளைகள், அதாவது இசைத்தட்டு பரவுவதற்கு முன் ஒலியைப் பதிந்து வைத்த உருளைகள், அட்டைக் குழாய்ப் பெட்டிகளோடு கிடைத்திருக்கின்றன. பலவற்றின் மேல் வெள்ளையாகப் பூத்திருக்கிறது என்று படமும் போட்டு, எதை வைத்துத் துடைப்பது என்று கேட்கிறீர்கள். பக்கத்திலேயே இந்த உருளைகளைப் போட்டுக் கேட்கும் பழைய கருவியான போனோகிராஃப் ஒன்று ஓடுகிற நிலையில் இருக்கிறது, அதில் ஒரே ஒரு முறை போட்டுக் கேட்கலாமா என்றும் கேட்கிறீர்கள். ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால் உண்மையான கேள்வி வேறு என்று தோன்றுகிறது. பணம் குறைவு, ஆள் குறைவு, பொருளோ நாளுக்கு நாள் கெட்டுப்போகிறது. இந்த நிலைமையில் எதை முதலில் செய்வது, எதைச் செய்யவே கூடாது என்பதுதான் நீங்கள் கேட்பது. அதற்கே பதில் சொல்கிறேன். ஒலி ஆவணங்களைப் பராமரிக்கும் வேலையில் இருபது வருடத்துக்கு மேல் இருக்கிறேன், அதில் பாதிக் காலம் உருளைகளோடுதான் போயிற்று.

முதலில் சுருக்கமான பதில். துடைக்காதீர்கள், ஓட்டாதீர்கள். இரண்டு பேர் உட்கார்ந்து, ஒரு சத்தமும் கேட்காமல், அறுபதையும் ஒவ்வொன்றாகப் பார்த்து எழுதி முடியுங்கள். இந்தக் கணக்கெடுப்பை ஏதோ அலுவலகச் சடங்கு என்று நினைக்க வேண்டாம். நான் பார்த்தவரை உருளை கெட்டதால் இழந்த ஒலியைவிட, எந்த உருளை எந்தப் பெட்டியுடையது, யார் எங்கே பாடியது என்ற தொடர்பு அறுந்துபோனதால் இழந்தவை அதிகம். கெட்டுப்போன மெழுகிலிருந்துகூட இன்றைக்கு ஏதாவது மீட்க முடிகிறது. யாருடைய குரல் என்று தெரியாமல் போனால், அதை மீட்க எந்த இயந்திரமும் இல்லை.

இது பொதுவாகச் சொல்லி வைக்கும் வார்த்தை இல்லை, நடந்ததை வைத்துச் சொல்கிறேன். எடிசனின் ஆய்வுக்கூடத்தில் 1957இல் ஒரு மரப்பெட்டி நிறைய உருளைகள் கிடைத்தன. அவருடைய உதவியாளர் தியோ வாங்கமன் 1889-90இல் ஐரோப்பாவில் சுற்றிப் பதிவு செய்தவை அவை. பெட்டி கிடைத்தது, பத்திரமாகவும் இருந்தது. ஆனால் எந்த உருளையில் யார் பேசுகிறார் என்ற பட்டியல் இல்லை. அரை நூற்றாண்டுக்கும் மேல் அப்படியே இருந்து, டிஜிட்டல் பிரதி எடுத்து, பழைய ஆவணங்களோடு வரி வரியாக ஒப்பிட்ட பிறகுதான் அவற்றில் ஒன்று ஜெர்மனியின் முதல் சான்சலர் பிஸ்மார்க்கின் குரல் என்று 2012இல் வெளியே சொன்னார்கள். மெழுகு பிழைத்திருந்தது. தாள் இல்லாததால் அவ்வளவு காலம் அந்தக் குரலுக்குப் பெயர் இல்லாமல் இருந்தது.

சரி, கையில் இருப்பது என்ன பொருள் என்று தெரிந்தால்தான் அதை எப்படித் தொடுவது என்பது புரியும். மெழுகு என்று சொல்லிப் பழகிவிட்டோமே தவிர, 1888 முதல் எடிசன் நிறுவனம் செய்த பழுப்பு நிற உருளைகள் வேதியியல்படி பார்த்தால் பெரும்பாலும் சோப்பு. ஸ்டியரிக் அமிலத்தைக் காரத்தோடும் அலுமினியச் சேர்மத்தோடும் சேர்த்துக் காய்ச்சி, அதில் கொஞ்சம் நிஜ மெழுகும் கலந்து வார்த்தார்கள். அதற்கு முன் 1877இல் எடிசன் பயன்படுத்தியது தகரத்தாள். 1886இல் கிரஹாம் பெல்லின் வோல்டா ஆய்வகத்தார் காப்புரிமை பெற்றது மெழுகு பூசிய அட்டை உருளை. உங்களிடம் இருப்பவை அநேகமாகத் திட உருளைகள்தான். வழக்கமான அளவு நாலேகால் அங்குல நீளம், ஏறக்குறைய இரண்டேகால் அங்குல விட்டம். பழுப்பு உருளையை வீட்டிலோ களத்திலோ வைத்துப் பதிவு செய்யலாம், பிடிக்கவில்லை என்றால் மேற்பரப்பைச் சீவிவிட்டு மறுபடி பதிவு செய்யலாம். 1902இலிருந்து அச்சில் வார்த்த கறுப்பு உருளைகள் கடைக்கு வந்தன, அவை கடினமானவை, பல பிரதிகள் உள்ளவை. 1908இல் நாலு நிமிடம் ஓடும் ஆம்பெரோல் வந்தது, 1912இல் நீல நிற செல்லுலாய்டு. 1929இல் எடிசன் நிறுவனம் உருளைத் தொழிலையே நிறுத்திவிட்டது.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், முன்னுரிமையே இதில்தான் இருக்கிறது. அச்சில் வார்த்த வணிக உருளை உங்களிடம் உடைந்தாலும் உலகத்தில் வேறெங்காவது இன்னொரு பிரதி இருக்க வாய்ப்புண்டு. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட உருளைகளை டிஜிட்டலாக்கி 2005 முதல் பொதுவில் வைத்திருக்கிறார்கள். தலைப்பும் எண்ணும் தெரிந்தால் அங்கே தேடிப் பார்க்கலாம். ஆனால் யாரோ ஒருவர் களத்தில் பதிவு செய்த பழுப்பு உருளைக்கு இரண்டாவது பிரதி கிடையாது. அது போனால் போனதுதான். 1902க்கு முந்தைய வணிகப் பதிவுகளையும் கிட்டத்தட்ட இந்தக் கணக்கில்தான் சேர்ப்பேன், ஏனென்றால் அன்றைக்குப் பெரிய அளவில் பிரதி எடுக்கும் வழியில்லை, பாடகர்கள் அதே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடித்தான் புதுப் புது உருளைகள் நிரம்பின.

இனி கணக்கெடுப்பு. இதில் கொஞ்சம் நிதானமாகப் போகிறேன், வேலையின் உயிர் இங்கேதான்.

இரண்டு பேர் வேண்டும். ஒருவர் மட்டுமே தொடுவார், மற்றவர் எழுதுவார், படம் எடுப்பார். மேஜையில் மெத்தென்ற விரிப்பு ஒன்று, அதன் மேல் ஒரே ஒரு பெட்டி. இரண்டாவது பெட்டி மேஜைக்கு வரவே கூடாது. இதை நான் பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நேரம் மிச்சமாகும் என்று எட்டுப் பெட்டிகளை ஒரே நேரத்தில் திறந்து வைத்தோம். யாரோ கூப்பிட்டார்கள், எழுந்து போனோம், திரும்பி வந்து மூடினோம். மூன்று மாதம் கழித்துத்தான் மூடிகள் மாறியிருக்கின்றன என்று தெரிந்தது. எழுத்தெல்லாம் மூடியில்தான் இருந்தது. பழைய கடிதங்களையும் களக் குறிப்பேட்டையும் வைத்து ஒவ்வொன்றாகச் சரிசெய்ய இரண்டு வருடம் ஆயிற்று, அதில் ஒரு ஜோடி இன்றுவரை சந்தேகத்திலேயே நிற்கிறது. அதனால் சொல்கிறேன், திறப்பதற்கு முன்பே பெட்டியைச் சுற்றிலும் நாலு பக்கம், மூடியின் மேல், அடிப்பக்கம் என்று படம் எடுத்துவிடுங்கள். மூடியிலும் அடிப்பகுதியிலும் ஒரே எண்ணை மென்மையான பென்சிலால் எழுதுங்கள். உருளையின் மேல் எதுவும் எழுத வேண்டாம்.

திறந்ததும் உருளைக்கு முன்னால் பெட்டிக்குள் எட்டிப் பாருங்கள். பஞ்சு உறைக்கு நடுவிலோ அடியிலோ மடித்த துண்டுச் சீட்டு இருக்கும். பாடியவர் பெயர், ஊர், தேதி, சில சமயம் பாட்டின் முதல் வரி. பஞ்சு பூஞ்சை பிடித்திருந்தால் அதை மாற்றலாம், ஆனால் சீட்டை அந்தப் பஞ்சோடு சேர்த்துக் குப்பையில் போட்ட கதை ஒன்றுக்கு மேல் எனக்குத் தெரியும். சீட்டைத் தனி உறையில் போட்டு அதே எண்ணை எழுதி அந்த உருளைக்கான கோப்பில் வையுங்கள்.

உருளையை வெளியே எடுக்கும் முறை ஒன்றுதான். ஆள்காட்டி விரலையும் நடுவிரலையும் உருளையின் உள்துளைக்குள் விட்டு, மெதுவாக விரித்து, உட்சுவரைத் தாங்கித் தூக்க வேண்டும். வெளிப்பக்கத்தைத் தொடக் கூடாது, ஒலி பதிந்த பள்ளங்கள் அங்கேதான் இருக்கின்றன. பெட்டிகள் குளிர்ந்த அறையில் இருந்தால், மூடியபடியே வேலை செய்யும் அறைக்குக் கொண்டுவந்து ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். குளிர்ந்த உருளைக்குள் உடம்புச் சூடுள்ள விரலை விட்டால் உள்பக்கம் விரியும், வெளிப்பக்கம் விரியாது. நான் ஒருமுறை அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறேன். பல்லிடுக்கில் மிளகு உடைவது போல ஒரு ‘டிக்’. விளிம்பிலிருந்து விளிம்புவரை முடி அளவுக்கு ஒரு கோடு. கைக்கு எந்த அழுத்தமும் கொடுக்கவில்லை, வெறும் சூடுதான்.

உருளையை நிமிர்த்தி வைத்து, சூடில்லாத ஒரு எல்இடி விளக்கை மேற்பரப்பை ஒட்டிச் சாய்வாகப் பிடியுங்கள். இந்த ஒரு காரியம் எத்தனையோ விஷயத்தைச் சொல்லிவிடும். பதிவு உள்ள பகுதி பட்டுத் துணியைப் போல மினுமினுக்கும், வெற்றுப் பகுதி அமைதியாக ஒரே மாதிரி இருக்கும். நடுவில் மெல்லிய வெற்றுக் கோடுகள் தெரிந்தால் ஒரே உருளையில் இரண்டு மூன்று தனிப் பதிவுகள் இருக்கின்றன என்று அர்த்தம். பாதியில் மினுமினுப்பு நின்றுவிட்டால் பாடியவர் பாதியில் நிறுத்தியிருக்கிறார், அல்லது பதிவு ஊசி தூக்கப்பட்டிருக்கிறது. பள்ளங்களுக்கு அடியில் மங்கலாக வேறொரு வரிசை தெரிந்தால், சரியாகச் சீவாமல் மறுபடி பதிந்திருக்கிறார்கள். அப்புறம் ஒரு லென்ஸையும் அளவுகோலையும் வைத்துக் கால் அங்குலத்துக்குள் எத்தனை பள்ளம் என்று எண்ணுங்கள். இருபத்தைந்து வந்தால் இரண்டு நிமிட உருளை, ஐம்பது வந்தால் நாலு நிமிட உருளை. விளிம்பையும் விடாமல் பாருங்கள்: அச்சு உருளைகளில் தலைப்பு அங்கே பொறித்திருக்கும், களப் பதிவுகளில் ஆணியாலோ கத்தி முனையாலோ கீறிய எண் இருக்கும், அது குறிப்பேட்டில் உள்ள எண்ணோடு பொருந்தும்.

விரிசல், சில்லு, வெள்ளைப் படிவு, தேய்மானம், வட்டம் கோணியிருப்பது இவற்றை எழுதிக்கொள்ளுங்கள். ஒரு உருளைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் ஆகும். அறுபதுக்கும் சேர்த்துப் பதினைந்து மணி நேரம் என்று வையுங்கள். ஒரே மூச்சில் செய்ய வேண்டாம், கண் களைத்தால் கை தவறும். காலையில் மட்டும் செய்தால் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். உடைந்த உருளை இருந்தால் எவ்வளவு சின்னத் துண்டையும் தூக்கிப் போடாதீர்கள், ஒட்டவும் முயலாதீர்கள். துண்டுகள் ஒன்றோடொன்று உரசாதபடி தனித்தனியாகச் சுற்றி ஒரே பெட்டியில் வையுங்கள்.

இப்போது வெள்ளைப் படிவுக்கு வருகிறேன். உங்கள் படத்தை வைத்து மட்டும் இது இன்னதுதான் என்று என்னால் அறுதியிட முடியாது, யாராலும் முடியாது. இரண்டு வெவ்வேறு விஷயங்கள் கண்ணுக்கு ஒரே மாதிரித் தெரியும். ஒன்று பூஞ்சை. அது மெழுகில் உள்ள கொழுப்புப் பொருளைத் தின்று வளர்கிறது. லென்ஸில் பார்த்தால் வட்ட வட்டமாக, நடுவிலிருந்து கிளை விரிந்தது போல இருக்கும். விரல் பட்ட இடத்திலும் பஞ்சு ஒட்டிய இடத்திலும் அதிகம் காணும். இன்னொன்று மெழுகுக்குள்ளிருந்தே வெளியே கசியும் கொழுப்பு அமிலம். அது பனி படர்ந்த கண்ணாடி மாதிரி பரவலாக, ஒரே சீராக இருக்கும். ஒரே உருளையில் இரண்டும் சேர்ந்திருப்பதும் உண்டு.

இதில் உறுதியாகச் சொல்லக்கூடியவை சில. ஆல்கஹால், வீட்டில் பயன்படுத்தும் துப்புரவுத் திரவம், ஈரத்துணி எதுவும் வேண்டாம். சோப்பு வகைப் பொருளின் மேல் ஈரம் என்ன செய்யும் என்று நானே விளக்க வேண்டியதில்லை. பூஞ்சை தின்ற இடம் குழியாகிவிட்டது, மேலே உள்ள வெள்ளையை எடுத்தாலும் அந்தக் குழி நிரம்பாது. கேட்கும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒருமுறை ‘ஷ்... ஷ்...’ என்று வருகிற இரைச்சல் அதுதான். பூஞ்சை உயிரோடு இருந்தால் அது உங்கள் நுரையீரலுக்கும் ஆகாது. என்95 முகக்கவசமும் மாவு தடவாத நைட்ரைல் கையுறையும் இல்லாமல் திறக்காதீர்கள். பூஞ்சை பிடித்தவற்றை மற்றவற்றோடு சேர்த்து வைக்காதீர்கள்.

சந்தேகத்துக்குரியது, எவ்வளவு தூரம் சுத்தம் செய்யலாம் என்பது. காய்ந்து பொடியான பூஞ்சையை மிக மென்மையான தூரிகையால், பள்ளம் ஓடும் திசையிலேயே, அழுத்தமே இல்லாமல் தட்டி எடுப்பதை அநேகர் ஒப்புக்கொள்வார்கள், நானும் செய்கிறேன். சுத்திகரித்த நீரில் கழுவலாமா என்பதில் இந்தத் துறையில் ஒருமித்த கருத்து இல்லை. செய்து நல்ல பலன் கண்டவர்களும் உண்டு, மேற்பரப்பு மங்கிப்போனதைப் பார்த்தவர்களும் உண்டு. கசிந்து வந்த கொழுப்பு அமிலத்தைத் துடைத்தால் உள்ளிருந்து மறுபடி கசியும், ஒவ்வொரு முறையும் பள்ளத்தின் சுவர் கொஞ்சம் போகும். என் முடிவு இதுதான்: பிரதி எடுக்கப்போகும் அன்றைக்கு, அதை எடுக்கிற நிபுணர் கையால், ஒரே ஒரு முறை சுத்தம் செய்தால் போதும். அதுவரை தூசியோடு இருந்தால் இருக்கட்டும்.

அடுத்தது அந்தப் பழைய போனோகிராஃப். ஆசை எனக்குப் புரிகிறது. நூறு வருடத்துக்கு முந்தைய குரல் பக்கத்து மேஜையில் இருக்கும்போது கையைக் கட்டிக்கொண்டு இருப்பது லேசில்லை. ஆனால் உருளையின் ஒலி பள்ளத்தின் ஆழத்தில் இருக்கிறது. இசைத்தட்டில் ஊசி பக்கவாட்டில் அசையும், இதில் மேலும் கீழும் ஏறி இறங்கும், அந்த ஏற்ற இறக்கம் மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று) கணக்கில் அளக்கிற அளவுக்கு நுண்ணியது. பழைய கருவியின் ஒலித்தலையில் உள்ள எடை முழுதும் ஊசி முனையில் இறங்குகிறது. ஒலிக்கும்போதே அது உளி மாதிரி வேலை செய்கிறது. நீங்கள் கேட்கிற ஒவ்வொரு முறையும், அடுத்தவர் கேட்கப்போவதில் கொஞ்சம் குறைகிறது. பூஞ்சை பிடித்துப் பொருபொருத்துப் போன மேற்பரப்பில் ஒரே ஓட்டத்தில் எல்லாமே உதிர்ந்துவிடலாம். தயவுசெய்து வேண்டாம். அந்தக் கருவியை ஆசை தீர ஓட்டிப் பார்க்க வேண்டுமென்றால், பல பிரதிகள் உள்ள, நல்ல நிலையில் இருக்கும் ஒரு வணிக உருளையைத் தனியே வாங்கி அதில் போட்டுக் கேளுங்கள்.

பத்திரமாகப் படிக்க இன்று இரண்டு வழிகள் இருக்கின்றன. ஒன்று, இதற்கென்றே செய்த மின்கருவிகள். பிரான்சைச் சேர்ந்த ஆன்ரி ஷமூ உருவாக்கிய ஆர்க்கியோஃபோன் அப்படிப்பட்டது. ஊசியைத் தாங்கும் எடை குறைந்த தலை (பிக்கப்), மாற்றக்கூடிய ஊசி முனைகள், வேண்டிய வேகம். பிஸ்மார்க் குரலைப் படித்தது இதில்தான். அமெரிக்காவில் நிக்கலஸ் பெர்க் செய்த எண்ட்பாயிண்ட் என்ற கருவி லேசர் துணையோடு, விரிசல் விழுந்த, கோணிப்போன உருளைகளையும் படிக்கிறது. மெட்ரோபாலிட்டன் ஓபரா மேடையில் லயனல் மேப்பிள்சன் 1900ஐ ஒட்டிய சில வருடங்களில் பதிவு செய்த உருளைகளை வைத்திருக்கும் நியூயார்க் பொது நூலகம் இதை வாங்கியிருக்கிறது. இரண்டாவது வழி, தொடாமலே ஒளியால் படிப்பது. லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வகத்தில் கார்ல் ஹேபரும் சகாக்களும் உருவாக்கிய ஐரீன் முறையில் உருளையின் மேற்பரப்பை முப்பரிமாணத்தில் அளந்து, பள்ளத்தின் ஆழத்தைக் கணினியில் ஒலியாக மாற்றுகிறார்கள். பெர்க்லியிலுள்ள ஹர்ஸ்ட் மானுடவியல் அருங்காட்சியகத்தின் கலிபோர்னியப் பூர்வகுடி உருளைகளை இப்படித்தான் படித்தார்கள். யாஹி இனத்தில் எஞ்சிய இஷியின் குரல் பதிந்த உருளைகளும் அந்தச் சேகரிப்பைச் சேர்ந்தவை.

ஒளி வழி மாயவித்தை என்று நினைத்துவிட வேண்டாம். பூஞ்சைக் குழியையும் அது அப்படியே அளக்கும், அதுவும் இரைச்சலாகவே வரும். நேரமும் செலவும் கூடுதல். என் அனுபவத்தில் நல்ல நிலையில் உள்ள உருளைக்கு லேசான ஊசி போதும், பல சமயம் அதுவே இனிமையாகவும் ஒலிக்கும். உடைந்தது, உதிர்வது, ஊசியைத் தாங்காதது என்று உங்கள் கணக்கெடுப்பு சொல்பவற்றுக்கு மட்டும் ஒளி வழியைத் தேடுங்கள்.

பிரதி எடுக்கும் இடத்தில் நீங்கள் கேட்டு வாங்க வேண்டியவை சில உண்டு. 96 கிலோஹெர்ட்ஸ் (ஒலியை நொடிக்கு 96,000 முறை அளப்பது), 24 பிட், எந்த வடிகட்டலும் செய்யாத கோப்பு. ஒலி ஆவணக்காப்பகங்களின் சர்வதேச சங்கமான ஐயாசாவின் வழிகாட்டி குறைந்தபட்சம் 48 கிலோஹெர்ட்ஸ் என்கிறது, பரிந்துரைப்பது 96. மைக் இல்லாமல் கூம்புக்குள் பாடிப் பதிந்த பழைய பதிவில் 5 கிலோஹெர்ட்ஸ் அதிர்வெண்ணுக்கு மேல் பாட்டு என்று பெரிதாக எதுவும் இல்லையே, எதற்கு இவ்வளவு என்று பணம் கொடுப்பவர்கள் கேட்பார்கள். பாட்டுக்காக இல்லை, கீறலுக்காக. ‘டக்’ என்ற வெடிப்பு ஒலி எவ்வளவு கூர்மையாகப் பதிவாகிறதோ, அவ்வளவு சுத்தமாக அதைப் பின்னால் வெட்டி எடுக்க முடியும். மங்கலாகப் பதிந்த வெடிப்பு பாட்டோடு கலந்துவிடும். இரண்டு நிமிட உருளைக்கு இரண்டு சேனலில் எடுத்தாலும் நூறு எம்பிக்குள்தான் வரும், சேமிப்புச் செலவு ஒரு பொருட்டே இல்லை. சுத்தம் செய்த பிரதியைத் தனியாக எடுங்கள், மூலக் கோப்பைத் தொட விடாதீர்கள்.

வேகம் ஒரு பெரிய சிக்கல். அச்சு உருளைகள் நிமிடத்துக்கு 160 சுற்று என்று நிலைபெற்றுவிட்டன. பழுப்பு உருளைகளுக்கு அப்படி ஒரே அளவு கிடையாது, களத்தில் இருந்தவர் திருகாணியை வைத்த இடம்தான் வேகம். 120இல் பதிந்ததை 160இல் ஓட்டினால் ஸ்ருதி நாலுக்கு மூன்று என்ற கணக்கில் ஏறும். அதாவது பாடியவர் பிடித்த ஸட்ஜம் உங்கள் காதில் சுத்த மத்யமமாக விழும். ஆண் குரல் பெண் குரலாகத் தோன்றும், நிதானமான தாலாட்டு துள்ளல் பாட்டாகிவிடும். பெர்லின் போனோகிராம் காப்பகத்தை நடத்திய ஹார்ன்போஸ்டல் இதை முன்கூட்டியே யோசித்திருந்தார். ஒவ்வொரு பதிவின் தொடக்கத்திலும் 435 ஹெர்ட்ஸ் ஸ்ருதிக் குழலை ஊதிப் பதியச் சொன்னார். உங்கள் உருளைகளின் ஆரம்பத்தில் அப்படி ஒரு குழல் ஒலி இருந்தால் அதிர்ஷ்டம், வேகம் உறுதி. இல்லையென்றால் பேச்சு, வாத்தியத்தின் ஸ்ருதி இவற்றை வைத்து ஊகிக்கத்தான் முடியும். ஊகம் என்று கோப்பிலேயே எழுதி, எந்த வேகத்தில் ஓட்டினீர்கள் என்பதையும் எழுதி வையுங்கள். அந்த மொழி பேசுகிறவர் கேட்டால் ஒரு நொடியில் ‘இது வேகமாக ஓடுகிறது’ என்று சொல்லிவிடுவார்.

பெர்லின் கதையில் இன்னும் ஒரு பாடம் இருக்கிறது. கார்ல் ஸ்டும்ஃப் 1900இல் தொடங்கிய அந்தக் காப்பகத்தில் உருளையைப் பாதுகாக்க மிகச் சிறந்த வழி என்று நினைத்து, மின்முலாம் பூசிச் செம்பு அச்சு எடுத்தார்கள். அந்த முறையில் மூல மெழுகு அழிந்துவிடும். செம்பு அச்சிலிருந்து பிரதிகள் வார்க்கலாம், அதனால்தான் பல பதிவுகள் இன்றும் இருக்கின்றன; ஆனால் மூலத்தின் மேற்பரப்பை இன்றைய ஒளிக்கருவியில் வைக்க வழியில்லை. இரண்டாம் உலகப் போரில் சேகரிப்பு இடம் மாறி லெனின்கிராடுக்குப் போய், பிறகு கிழக்கு பெர்லினுக்கு வந்து, 1991இல்தான் பழைய வீடு திரும்பியது. அதுவரை உருளைகள் ஒருபுறம், அவற்றைப் பற்றிய எழுத்துக் குறிப்புகள் மேற்கு பெர்லினில் மறுபுறம். இரண்டும் ஒன்று சேர்ந்த பிறகே சேகரிப்பு முழுதாகப் பயன்பட்டது. 1999இல் யுனெஸ்கோவின் உலக நினைவகப் பட்டியலிலும் அது இடம்பெற்றது. ஆகவே டிஜிட்டல் பிரதி வந்துவிட்டதே என்று உருளையைக் கைவிடாதீர்கள். நாளைய கருவி இன்றையதைவிட நன்றாகப் படிக்கும்.

பாதுகாக்கும் அறையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 18 முதல் 20 டிகிரி, ஈரப்பதம் 40 சதவீதத்தை ஒட்டி, எல்லாவற்றுக்கும் மேலாக ஏறி இறங்காமல் ஒரே நிலை. உறைய வைக்காதீர்கள். உருளைகளைப் படுக்க வைக்காமல் நிமிர்த்தி வையுங்கள். அமிலமில்லாத புதுப் பெட்டி வாங்கினால் பழைய பெட்டியைத் தூக்கிப் போடாமல் தனியாக வையுங்கள், எழுத்து அதில்தான் இருக்கிறது. நீல செல்லுலாய்டு உருளை இருந்தால் அதன் உள்ளே சாந்து இருக்கும், ஈரத்தில் ஊதிக் கருவியில் மாட்டாமல் போகும். அதை வலிந்து ஏற்ற வேண்டாம். செல்லுலாய்டு எளிதில் தீப்பற்றும் பொருள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். 1890 மார்ச்சில் ஜெஸ்ஸி வால்டர் ஃபியூக்ஸ் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் பாசமக்குவாடி பூர்வகுடி மக்களின் பாட்டையும் கதையையும் பதிவு செய்தார். களத்தில் செய்த ஒலிப்பதிவுகளில் நம் கைக்குக் கிடைத்திருப்பவற்றில் அவையே மிகப் பழையவை. ஒரு நூற்றாண்டுக்கு மேல் கழித்து அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் அவற்றை மறுபடி படித்தபோது, அந்த மக்களையே அழைத்து உட்கார வைத்துக் கேட்டார்கள். எந்தப் பாட்டு எதற்கானது, எதை வெளியே விடலாம், எது சடங்குக்குரியது என்று சொன்னவர்கள் அவர்கள். நூலகக் குறிப்பில் இல்லாத பெயர்களும் அர்த்தங்களும் அப்படித்தான் வந்தன. உங்கள் அறுபதில் ஒரு சமூகத்தின் சடங்குப் பாட்டோ இறந்தவருக்கான ஒப்பாரியோ இருந்தால், இணையத்தில் ஏற்றுவதற்கு முன் அந்தச் சமூகத்தைத் தேடிப் போய்க் கேளுங்கள். பதிவு செய்த அன்று அவர்களிடம் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

வரிசையை முடிவு செய்யும்போது இரண்டே கேள்விகள் போதும்: இதற்கு வேறு பிரதி உண்டா, இது வேகமாகக் கெடுகிறதா. களப் பதிவாகவும் பூஞ்சை பிடித்ததாகவும் இருப்பவை முதலில் போகட்டும். அறுபதில் அப்படி எட்டோ பத்தோதான் தேறும் என்பது என் அனுமானம். பணம் கேட்டு மேலிடத்துக்கு எழுதும்போது அறுபது என்று பயமுறுத்தாமல் அந்தப் பத்துக்குக் கேளுங்கள், கிடைக்கும்.

நீங்கள் போட்டிருக்கும் படத்தில் இடது ஓரத்தில் நிற்கும் மூன்று உருளைகளின் விளிம்பில் ஏதோ கீறல் தெரிகிறது, எண் மாதிரி இருக்கிறது. சாய்வு வெளிச்சத்தில் அந்த விளிம்பை மட்டும் நெருக்கமாகப் படம் எடுத்துப் போடுங்கள். அவை வரிசை எண்களாக இருந்தால் எங்கோ ஒரு குறிப்பேடு இருக்க வேண்டும். அதே அலமாரியின் காகிதக் கட்டுகளில் முதலில் தேடிப் பாருங்கள்.